வேண்டியவர், வேண்டாதவர், கணினி: முடிவை யார் கையில் கொடுப்பது?

பத்து இடம் இருக்கிறது, ஐந்நூறு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. வேலை, கடன், உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். முன்பெல்லாம் இதற்கு ஓர் அனுபவசாலியை உட்கார வைப்பார்கள். இப்போது மென்பொருள் விற்பவர் வந்து, "மனிதர் என்றால் வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பார், எங்கள் அல்காரிதம் பார்க்காது" என்கிறார். எதிர்த்தரப்போ, "கணினிக்கு மனசாட்சி ஏது, ஏற்கெனவே விழுந்து கிடப்பவனை அது இன்னும் மிதிக்கும்" என்கிறது. இரண்டு தரப்பிடமும் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. அதனால்தான் இந்த வாதம் முடிவதே இல்லை.

பாரபட்சமே இல்லாத வழி எது என்று தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். எந்த வழியில் போனால் பாரபட்சம் வெளியே தெரியும், தெரிந்தபின் திருத்த முடியும் என்று தேடினால் வழிகளுக்குள் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கிறது. நான் இந்தக் கட்டுரையில் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். ஒப்பிடப்போவது நான்கு வழிகளை: மனிதர் தன் போக்கில் முடிவெடுப்பது, முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் அட்டவணை, பழைய தரவுகளிலிருந்து தானே கற்கும் அல்காரிதம், இவற்றைக் கலந்து செய்வது.

மூன்று ஊற்றுகள்

பாரபட்சம் என்றதும் கெட்ட எண்ணம் என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் எண்ணத்தில் குற்றமே இருக்காது. அது ஊறி வரும் இடங்கள் மூன்று என்று எனக்குப் படுகிறது.

முதலாவது, மூளை பிடிக்கும் குறுக்குவழி. அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 0 முதல் 100 வரை எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றை ஆட்களின் கண் முன்னால் சுழற்றினார்கள். பிறகு, ஐ.நா. சபையில் இருக்கும் நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடுமதிப்பு 25. சக்கரம் 65இல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அதுவே 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணில் பட்ட எண் மனதில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நேர்காணலில் பழைய சம்பளத்தை முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஆளின் தகுதியை எடைபோட்டாலும் இதே கதைதான்.

இரண்டாவது, 'நம்ம ஆள்' என்கிற உணர்வு. ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். இந்த ஓவியர் உனக்குப் பிடித்தது, அந்த ஓவியர் அவனுக்குப் பிடித்தது என்று ஒரு காரணம் சொன்னாலும், பிரித்தது குருட்டாம்போக்கில்தான். தன் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட அந்தப் பையன்களுக்குத் தெரியாது. 1970, 71 வாக்கில் வெளிவந்த அந்த ஆய்வுகளில், காசைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருந்தால் போதும் என்று பங்கை மாற்றினார்கள். பத்து நிமிடத்துக்கு முன் போட்ட கோட்டுக்கே இந்தப் பாடு என்றால், தலைமுறை தலைமுறையாகப் போட்டு வைத்திருக்கும் கோடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது ஊற்று யார் தலைக்குள்ளும் இல்லை, வெளியே இருக்கிறது. நேற்று யாருக்குக் கடன் கிடைத்தது, யார் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், எந்தத் தெருவில் காவலர்கள் அதிகமாகச் சுற்றினார்கள் என்பதெல்லாம் இன்றைய விண்ணப்பத்தில் 'அனுபவம்', 'கடன் வரலாறு', 'முந்தைய கைது' என்ற பெயர்களில் வந்து உட்கார்ந்திருக்கும். மனதில் ஒரு கறையும் இல்லாதவர் அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து நேர்மையாக மதிப்பெண் போட்டாலும் பழைய அநியாயம் அப்படியே மறுபதிப்பாகிவிடும்.

இப்போது அல்காரிதத்தை இந்த மூன்றுக்கும் நேராக வைத்துப் பாருங்கள். அதற்குக் களைப்பு கிடையாது, சக்கரத்தைப் பார்த்து மயங்காது. முதல் ஊற்று பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. அதற்குச் சொந்தக் குழு என்று ஒன்றில்லை, ஆகவே இரண்டாவதும் நேரடியாகக் கிடையாது. ஆனால் மூன்றாவது ஊற்றிலிருந்து அது குடிப்பதுபோல் எந்த மனிதராலும் குடிக்க முடியாது. அதன் சாப்பாடே பழைய தரவுதான். விற்பனையாளர் முதல் இரண்டைப் பற்றிப் பேசுகிறார், எதிர்ப்பவர் மூன்றாவதைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதர் தன் போக்கில்

ஆளைப் பார்த்ததுமே எடைபோட்டுவிடுவேன் என்று சொல்பவர்களை எல்லா அலுவலகங்களிலும் பார்க்கலாம். இந்தத் திறமையைச் சோதித்துப் பார்த்த வரலாறு நீளமானது, அந்தத் திறமைக்கு அவ்வளவு பெருமை சேர்க்காதது. பால் மீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே இருபது ஆய்வுகள் வாக்கில் திரட்டி, நிபுணரின் கணிப்பையும் எளிய புள்ளியியல் சூத்திரத்தின் கணிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சூத்திரம் பெரும்பாலும் சமமாகவோ மேலாகவோ வந்தது. 2000இல் வில்லியம் க்ரோவ் குழுவினர் 136 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நிபுணர் தெளிவாக ஜெயித்தது எட்டில் மட்டும். கிட்டத்தட்ட பாதியில் சூத்திரம் மேல், மீதியில் இருவரும் சமம்.

ஆனால் மீலே மனிதருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தார். ஒரு பேராசிரியர் வாரந்தோறும் தவறாமல் சினிமாவுக்குப் போகிறவர், இந்த வாரமும் போவார் என்று சூத்திரம் சொல்கிறது. அவருக்குக் காலையில் கால் முறிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியும். சூத்திரத்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இந்த 'முறிந்த கால்' உதாரணம் நியாயமானது. சிக்கல் என்னவென்றால், அதிகாரம் கையில் வந்தவுடன் நமக்கு எல்லோருடைய காலும் முறிந்ததாகத் தெரிய ஆரம்பித்துவிடும். இவர் ஒரு தனி கேஸ், அவர் ஒரு தனி கேஸ் என்று விதிவிலக்கு பெருகப் பெருக, வேண்டியவர் உள்ளே வரும் பாதையும் அகலமாகிறது.

அப்புறம், ஆளுக்கு ஆள் மாறும் தீர்ப்பு. 1974இல் அமெரிக்காவில் 50 நீதிபதிகளிடம் ஒரே வழக்கு விவரங்களைக் கொடுத்துத் தண்டனை எழுதச் சொன்னார்கள். ஹெராயின் விற்ற ஒருவருக்கு ஒரு நீதிபதி ஓராண்டு எழுதினார், இன்னொருவர் பத்தாண்டு எழுதினார். இதில் இனவெறி, மதவெறி எதுவும் தேவைப்படவில்லை. எந்த அறைக்குள் வழக்கு போனது என்பதே ஒன்பது ஆண்டுகளைத் தீர்மானித்துவிட்டது. (பசித்த நீதிபதி பரோல் கொடுப்பதில்லை, சாப்பிட்டுவிட்டு வந்தால் கொடுப்பார் என்று 2011இல் இஸ்ரேலிலிருந்து வந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. வழக்குகள் வந்த வரிசை தற்செயலானது அல்ல என்று பிறகு சுட்டிக்காட்டினார்கள். அது இல்லாமலே மனிதருக்கு எதிரான வழக்கு பலமாகத்தான் இருக்கிறது.)

உண்மையான கஷ்டம் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒரு மேலாளர் பாரபட்சம் பார்க்கிறாரா என்று அவரிடமே கேட்டால் இல்லை என்பார், பொய் சொல்லவும் மாட்டார். அவருக்கே தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் சுற்றிவளைத்துப் போக வேண்டியிருக்கிறது. மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை பயோடேட்டாக்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒரே தரத்தில், பெயர் மட்டும் வேறு. 2004இல் வெளியான முடிவுப்படி, வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு அழைப்பு சுமார் 50 சதவீதம் அதிகமாக வந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் இதே முறையில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு வாய்ப்பு குறைந்தது. இத்தனை பாடுபட்டும் தெரியவந்தது என்ன? மொத்தத்தில் பாரபட்சம் இருக்கிறது என்பதுதான். எந்த அலுவலகத்தில், எந்த மேசையில், எந்த விண்ணப்பத்தில் என்று கைகாட்ட முடியாது. நிராகரிக்கப்பட்டவருக்கு அதனால் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை.

மதிப்பெண் அட்டவணை

கணினிக்கும் மனிதருக்கும் நடுவில் எளிமையான வழி ஒன்று இருக்கிறது. அது பழசு என்பதாலோ என்னவோ யாரும் அதை விற்க வருவதில்லை. எதைப் பார்க்கப்போகிறோம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்று விண்ணப்பம் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவது. பிறந்த குழந்தையின் நிலையைப் பார்க்க வர்ஜீனியா அப்கார் 1952இல் முன்வைத்த அளவுகோல் இந்த வகைதான். இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் வரும் எதிர்வினை, உடலின் நிறம் என ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. கூட்டினால் பத்துக்கு எத்தனை என்று வந்துவிடும். ஒரு துண்டுக் காகிதம் போதும். உலகம் முழுக்கப் பிரசவ அறைகளில் இன்றும் இதுதான் ஓடுகிறது.

ராபின் டாவ்ஸ் 1979இல் காட்டியது இன்னும் வேடிக்கை. அம்சங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், எடைகளை நுணுக்கமாகக் கணக்கிடக்கூடத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுத்துக் கூட்டினாலும் நிபுணரின் உள்ளுணர்வைவிட நன்றாக வருகிறது. இந்த வழியின் பெரிய பலம், நிராகரிக்கப்பட்டவர் வந்து நின்றால் காகிதத்தைத் திருப்பிக் காட்டிவிடலாம். "மூன்றாவது வரியில் எனக்கு ஏன் பூஜ்யம்?" என்று அவர் சண்டை போடலாம். சண்டை போட ஒரு வரி இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒரே விதி என்பதே நியாயம் ஆகிவிடாது. அமெரிக்காவில் 1986இல் வந்த போதைப்பொருள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கெய்னைப் பொடியாக 500 கிராம் விற்க வைத்திருந்தால் என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே ஐந்தாண்டு 'கிராக்' வடிவத்தில் வெறும் 5 கிராமுக்கு. வேதியியல்படி இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். எந்த நீதிபதியும் யாருடைய நிறத்தையும் பார்க்கத் தேவையில்லாமல் பாரபட்சம் தானாக நடந்தது. இதில் கவனிக்க வேண்டியது, 100க்கு 1 என்ற அந்த விகிதம் சட்டப் புத்தகத்தில் அச்சிட்டுக் கிடந்தது. அதை வைத்து வாதாட முடிந்தது, 2010இல் அது 18க்கு 1 ஆனது. இருபத்து நான்கு ஆண்டுகள் பிடித்தது என்பது வெட்கக்கேடுதான். ஆனாலும் ஐம்பது நீதிபதிகளின் மனதுக்குள் தனித்தனியாக இருந்திருந்தால் திருத்துவதற்கு எந்த எண்ணும் இருந்திருக்காது.

தானே கற்கும் அல்காரிதம்

இந்த வழியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி. ஆண்டுக்குச் சுமார் 2,500 விண்ணப்பங்கள் வரும் இடம். 1970களின் கடைசியில் அங்கிருந்த மருத்துவர் ஒருவர், விண்ணப்பங்களை முதலில் சலிக்கும் வேலையைக் கணினிக்கு மாற்ற நினைத்தார். நோக்கம் நல்லதுதான்: வேலை குறையும், ஆளுக்கு ஆள் மாறுவதும் நிற்கும். தேர்வாளர்கள் முன்பு எப்படித் தேர்ந்தெடுத்தார்களோ அதைப் பார்த்து நிரலை எழுதினார். மனிதர்களின் முடிவோடு அது 90 முதல் 95 சதவீதம் ஒத்துப்போனது. எல்லோருக்கும் திருப்தி. 1982இலிருந்து முதல்கட்டச் சலிப்பு முழுவதும் கணினி வசம் போனது.

ஒத்துப்போனதுதான் கோளாறே. விண்ணப்பப் படிவத்தில் இனம் என்ற கட்டம் கிடையாது. ஆனால் பெயரும் பிறந்த ஊரும் இருந்தன. அவற்றை வைத்து நிரல் ஆட்களை ஐரோப்பியர், ஐரோப்பியர் அல்லாதவர் என்று பிரித்தது. பெயர் ஐரோப்பியப் பெயராக இல்லையென்றால் 15 புள்ளி வரை போகும். பெண் என்றால் சராசரியாக 3 புள்ளி. அங்கே பணிபுரிந்த இரண்டு ஆசிரியர்கள் இதைப் புகாராக எடுத்துப்போக, பிரிட்டனின் இனச் சமத்துவ ஆணையம் விசாரித்து 1988இல் கல்லூரியைக் குற்றவாளி என்றது. ஆண்டுக்கு 60 பேர் வரை இப்படி நேர்காணல் வாய்ப்பை இழந்திருக்கலாம் என்று கணக்கு.

கணினி பாரபட்சம் காட்டிய கதையாகவே இதைச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த 15 புள்ளி கணினி வருவதற்கு முன்பும் இருந்தது, தேர்வாளர்களின் கைகளில். அங்கே அதற்கு எண் கிடையாது, அதனால் சாட்சியும் கிடையாது. நிரலாக எழுதியபோதுதான் அது ஒரு வரியாக, படித்துப் பார்க்கக்கூடியதாக ஆனது. அந்தக் காலத்தில் லண்டனின் மற்ற பல மருத்துவக் கல்லூரிகளைவிட செயின்ட் ஜார்ஜில் சிறுபான்மை மாணவர்கள் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதிகம் பாரபட்சம் பார்த்த கல்லூரி மாட்டவில்லை, எழுதி வைத்த கல்லூரி மாட்டியது.

அன்றைய நிரலில் தேடிப் பார்க்க ஒரு வரி இருந்தது. இன்றைய மெஷின் லேர்னிங்கில், அதாவது தரவிலிருந்து கணினி தானே கற்கும் முறையில், அப்படி ஒரு வரி இருக்காது, எடைகள் லட்சக்கணக்கில் சிதறிக் கிடக்கும். அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிவந்த ஆள்தேர்வுக் கருவி, பத்தாண்டு பயோடேட்டாக்களைப் படித்து, பெண்கள் என்ற சொல் வரும் பயோடேட்டாக்களுக்கு மதிப்பைக் குறைக்கக் கற்றுக்கொண்டது. பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவி என்று போட்டிருந்தால்கூட இறக்கம்தான். அந்தச் சொல்லைத் தடுத்தாலும் வேறு வழியில் அதே வேலையைச் செய்யாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியவில்லை. கைவிட்டார்கள். 2018இல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது.

இன்னும் நுட்பமான தவறு, எதைக் கணிக்கச் சொல்கிறோம் என்பதில் நடக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று பார்க்கப் பயன்பட்ட ஒரு அல்காரிதத்தை ஜியாத் ஓபர்மேயர் குழு ஆராய்ந்து 2019இல் எழுதியது. அது நோயின் கடுமையைக் கணிக்கவில்லை, வரப்போகும் மருத்துவச் செலவைக் கணித்தது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் கறுப்பின நோயாளிகளுக்கு அதே நோய்க்குச் செலவழிக்கப்பட்ட பணமே குறைவு. ஆகவே அதே மதிப்பெண் பெற்ற வெள்ளையரைவிட அவர்கள் அதிக நோயோடு இருந்தார்கள். கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவர் 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயர்வார்கள் என்று கணக்கிட்டார்கள். நிறத்தை அந்த அல்காரிதம் பார்க்கவே இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

சரி, இவ்வளவு கெட்டதா என்றால், நல்ல பக்கமும் கனமானது. ஜான் க்ளைன்பெர்க், முல்லைநாதன் உள்ளிட்டோர் நியூயார்க் நகரில் 2008 முதல் 2013 வரை கைதானவர்களின் ஜாமீன் தரவை வைத்து ஒரு கணிப்பு அல்காரிதத்தை உருவாக்கினார்கள். நீதிபதிகளுக்குப் பதிலாக அதன் தரவரிசையைப் பின்பற்றினால், குற்றம் கூடாமலே சிறையில் வைப்பவர்களின் எண்ணிக்கையை 41.9 சதவீதம் வரை குறைக்கலாம், இன வேறுபாட்டையும் கூடவே குறைக்கலாம் என்று 2018இல் வெளியான அந்தக் கணக்கு சொன்னது. அது காகிதத்தில் போட்ட கணக்கு, நீதிமன்றத்தில் நடந்தது இல்லை. இருந்தாலும் இன்று உள்ளே அடைபட்டிருக்கும் ஒருவரிடம் "இயந்திரத்துக்கு இரக்கம் ஏது" என்று சொல்வதற்கு முன் யோசிக்க வைக்கிறது.

நியாயம் என்றால் எந்த நியாயம்

இந்த இடத்தில் நிதானமாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2016இல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம், கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்க ஃபுளோரிடாவின் ப்ராவர்ட் கவுண்டியில் பயன்பட்ட 'காம்பஸ்' என்ற மென்பொருளைச் சோதித்தது. மறுபடி குற்றம் செய்யாதவர்களில், ஆபத்தானவர் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் கறுப்பினத்தில் 44.9 சதவீதம், வெள்ளையரில் 23.5 சதவீதம். மென்பொருளைச் செய்த நிறுவனம், எங்கள் மதிப்பெண் எந்த இனத்தவருக்குக் கொடுத்தாலும் ஒரே அர்த்தம்தான் தருகிறது என்று பதில் சொன்னது. யார் சொல்வது சரி? இரண்டும் சரி. எப்படி என்று கற்பனை எண்களில் பாருங்கள்.

கடன் கேட்டு வந்த இரண்டு குழுக்கள், தலா 100 பேர். முதல் குழுவில் 50 பேர் கடனைத் திருப்ப மாட்டார்கள், இரண்டாவதில் 20 பேர். மென்பொருள் முதல் குழுவில் 60 பேருக்குச் சிவப்பு முத்திரை குத்துகிறது, அவர்களில் 42 பேர் உண்மையிலேயே திருப்பாதவர்கள். இரண்டாவது குழுவில் 20 பேருக்கு முத்திரை, அதில் 14 பேர் திருப்பாதவர்கள். முத்திரைக்கு இரண்டு பக்கமும் ஒரே அர்த்தம்: 70 சதவீதம். நிறுவனம் சொன்ன நியாயம் இது. இப்போது ஒழுங்காகத் திருப்பக்கூடியவர்களைப் பாருங்கள். முதல் குழுவில் அப்படி 50 பேர், அவர்களில் 18 பேருக்கு வீண்பழி; 36 சதவீதம். இரண்டாவதில் 80 பேர், அவர்களில் 6 பேருக்கு வீண்பழி; 7.5 சதவீதம். செய்தி நிறுவனம் கேட்ட நியாயம் இது.

குழுக்களின் அடிப்படை விகிதம் (இங்கே, திருப்பாதவர்களின் பங்கு) வேறாக இருந்து, கணிப்பும் துல்லியமாக இல்லாதவரை, முத்திரையின் அர்த்தத்தையும், வீண்பழி, தப்பவிடுதல் என்ற இருவகைத் தவறுகளின் விகிதங்களையும் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் சமமாக்க முடியாது என்று 2016, 17இல் கணித ரீதியாகவே நிரூபித்துவிட்டார்கள். நல்ல நிரலாளர் கிடைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இது மனிதருக்கும் பொருந்தும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள மேலாளரும் இந்தச் சுவரில்தான் மோதுகிறார், அவருக்கு மோதியது தெரிவதில்லை. எந்த நியாயம் முக்கியம் என்று தேர்ந்தெடுப்பது கணினியின் வேலையும் அல்ல, விற்பனையாளரின் வேலையும் அல்ல. முடிவின் பலனை அனுபவிக்கப்போகிறவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

இதே காம்பஸைப் பற்றி இன்னொரு செய்தி. 137 கேள்விகள் வரை கேட்கும் அந்த மென்பொருளின் துல்லியம் சுமார் 65 சதவீதம். வயது, முந்தைய குற்றங்களின் எண்ணிக்கை என்ற இரண்டே விவரத்தை வைத்துப் போட்ட எளிய சூத்திரம் அதே அளவு சரியாகச் சொன்னதாக ட்ரெஸல், ஃபரீத் இருவரும் 2018இல் காட்டினார்கள். பெரிய மென்பொருள் வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது முதலில் சோதிக்கலாம்.

தவறு எத்தனை பேரைத் தாக்கும்

மோசமான மேலாளர் ஒருவர் ஓர் அலுவலகத்தைக் கெடுப்பார். மோசமான அல்காரிதம் ஒரே நாளில் ஒரு நாட்டையே கெடுக்கும். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி தேடிய வரித்துறையின் ஆபத்துக் கணிப்பில், குடியுரிமை ஒரு அம்சமாக இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் செய்யாத தப்புக்குப் பெருங்கடனில் விழுந்தன. 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. அரசு உதவித்தொகையை அதிகமாக வாங்கியவர்களைத் தேடிய ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' திட்டம் ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கி, இல்லாத பாக்கியை இருப்பதாகக் கணக்கு எழுதி ஏழைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை, வெறும் வகுத்தல் கணக்குதான். பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் சுமையை நோட்டீஸ் வாங்கியவர் தலையில் கட்டியதுதான் பெரிய அநியாயம்.

2020இல் இங்கிலாந்தில் ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு நடக்காமல் போய், அல்காரிதம் மதிப்பெண் போட்டது நினைவிருக்கலாம். ஆசிரியர்கள் கணித்த தரங்களில் சுமார் 40 சதவீதம் இறக்கப்பட்டன. பள்ளியின் பழைய முடிவுகளை வைத்து மாணவரை எடைபோட்டார்கள். மிகச் சிறிய வகுப்புகளுக்கு ஆசிரியர் கணிப்பே போதும் என்று விட்டதால் தனியார் பள்ளிகளுக்கு ஆதாயம். ஆனால் முடிவு வெளிவந்த ஆகஸ்ட் 13க்கும் திரும்பப் பெற்ற 17க்கும் இடையே நான்கே நாள். ஒரே சூத்திரம் எல்லோரையும் அடித்ததால் எல்லோரும் ஒன்றாகத் தெருவில் இறங்க முடிந்தது. ஆயிரம் ஆசிரியர்கள் தனித்தனியாக ஓரவஞ்சனை செய்திருந்தால் அப்படி ஒரு போராட்டத்துக்கு வழியே இல்லை.

திருத்தும் வேகத்தில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தபோது, கருநிறப் பெண்களிடம் தவறு 34.7 சதவீதம் வரை போனது, வெளிர்நிற ஆண்களிடம் 0.8 சதவீதம் தாண்டவில்லை. அடுத்த ஆண்டே மறுபடி பார்த்தபோது, பெயர் சொல்லப்பட்ட நிறுவனங்கள் தவறை வெகுவாகக் குறைத்திருந்தன. மனிதர்கள் ஆளெடுப்பதில்? அமெரிக்காவில் 1989 முதல் நடந்த கள ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, கறுப்பினத்தவர் விஷயத்தில் கால் நூற்றாண்டாக முன்னேற்றமே இல்லை என்று சொன்னது. முகத்தை அடையாளம் காண்பது வேறு, வேலை கொடுப்பது வேறு என்று நீங்கள் சொல்லலாம், அது நியாயமான ஆட்சேபம். இருந்தாலும் மனதைத் திருத்துவதைவிட நிரலைத் திருத்துவது சுலபம் என்பதை மறுக்க முடியவில்லை.

கலந்து செய்வது, எதை எங்கே வைப்பது

கணினி பரிந்துரைக்கும், கடைசி முடிவு மனிதருடையது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அந்த மனிதர் நாளுக்கு நூறு கோப்பில் கையெழுத்துப் போடுபவராக இருப்பார். திரையில் சிவப்பு எரியும்போது அதை மீறி ஒப்புதல் கொடுத்து, நாளை தவறானால் தலை போவது அவருடையது. பேசாமல் ஒத்துப்போய்விடுவார். இன்னொரு பக்கம், மென்பொருள் ஒருமுறை சறுக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால், மொத்தத்தில் அது நன்றாகவே செய்தாலும் ஆட்கள் அதை உதறிவிடுகிறார்கள் என்று 2015இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. சக மனிதர் சறுக்கினால் அவ்வளவு கோபம் வருவதில்லை.

ஆகவே கலப்பில் வரிசைதான் முக்கியம் என்பது என் கருத்து. மனிதர் தன் மதிப்பெண்ணை முதலில் எழுதிப் பூட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகே கணினியின் எண்ணைப் பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் சக்கரத்தில் நின்ற எண் போல அது மனதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாத கோப்புகளை மட்டும் வேறொருவர் எடுத்துப் படிக்கட்டும். மீறுகிறவர் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து அந்த வரிகளைக் கூட்டிப் பார்த்தால், முறிந்த கால் யாருடையது, வேண்டியவர் யார் என்பது தெரிந்துவிடும்.

ஐந்நூறு விண்ணப்பத்துக்குப் பத்து இடம் என்றால் நான் மெஷின் லேர்னிங் பக்கமே போகமாட்டேன். கற்றுக்கொள்ள அதற்குப் போதுமான தரவு இருக்காது, இருக்கும் கொஞ்சமும் பழைய தேர்வாளர்களின் கைவண்ணமாகத்தான் இருக்கும். பெயர், படம், ஊர் மூன்றையும் மறைத்துவிட்டு, ஐந்தாறு அம்சம் கொண்ட அட்டவணையோடு இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடுவது போதும். விண்ணப்பங்கள் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டி, யார் கடனைத் திருப்பினார், யார் திருப்பவில்லை என்பதுபோல் பின்னாளில் உண்மை தெரியவரும் இடங்களில்தான் கற்கும் அல்காரிதத்துக்கு வேலை. அங்கேகூட எளிய சூத்திரத்தோடு போட்டி வைத்து, கணிசமாக ஜெயித்தால் மட்டும் எடுக்கலாம். ஒருவரின் சுதந்திரம், குழந்தை, குடியுரிமை போன்றவற்றில் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும் மேல்முறையீடு இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

விண்ணப்பங்களை அப்படியே சாட்பாட்டில் கொட்டி, நல்லவர் பத்துப் பேரைச் சொல் என்று கேட்பது இப்போது பரவிவரும் பழக்கம். நான்கு வழிகளில் எதிலும் சேராத இது எனக்கு எல்லாவற்றிலும் மோசமாகப் படுகிறது. கேள்வியை லேசாக மாற்றினால் பட்டியல் மாறுகிறது, அதனால் இயந்திரத்தின் பெரிய பலமான ஒரேமாதிரித்தன்மையும் போய்விட்டது. காட்டுவதற்கு அட்டவணையும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை.

மென்பொருள் விற்க வருபவரிடம் ஒரே ஒரு சோதனைக்கு நேரம் கேளுங்கள். இருநூறு விண்ணப்பங்களை எடுத்து, பெயர், பாலினம், முகவரி மட்டும் மாற்றி, இரண்டாவது முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். மனிதத் தேர்வாளரிடம் இதைச் செய்யவே முடியாது, முதல் முறை பார்த்தது அவருக்கு நினைவிருக்கும். கணினியிடம் அரைமணி நேர வேலை. மதிப்பெண் எங்கே நகர்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று தெரிந்துவிடும். வணிக ரகசியம், அனுமதிக்க முடியாது என்று அவர் சொன்னால், கருவியைத் திருப்பி அனுப்பிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அட்டவணை போட ஆரம்பிக்கலாம்.